நெடுநேரம் முயல வேண்டாம்

என் வேலைத்தலத்தில் சீருடை வெள்ளை. விமானங்களில் கொடுக்கும் சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்கி அனுப்பும் பெரிய சமையற்கூடம் அது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளை மேலங்கி, தலைக்கு வலை. குளிரூட்டிய மண்டபத்தில் எட்டு மணித்தியாலம் நின்றபடி வேலை. முப்பத்தெட்டு வயதிலிருந்து நாற்பத்தொரு வயது வரை, மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் எனக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் இரண்டு சானிட்டரி பாட்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதற்கு மேல் வயதானவர்கள் போடும் டயப்பரையும் போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்குவேன். வேலை வரிசையை விட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் வெளியே போகலாம். சில நாட்களில் அதுவரைக்கும் தாங்காது.

எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் ஜமேக்காவிலிருந்து வந்த பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒருநாள் நான் குனிந்து பெட்டியைத் தூக்கியபோது, அவள் தன் மேலங்கியைக் கழற்றி என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பிறகு கழிப்பறை வரைக்கும் என் முதுகோடு ஒட்டியபடி நடந்து வந்தாள். கதவுக்கு வெளியே நின்று அவள்தான் அந்தச் சொல்லை எனக்கு முதலில் சொன்னாள். ஃபைப்ரோயிட். கர்ப்பப்பையில் வளரும் கட்டி. தன் தாய்க்கு இருந்தது, தனக்கும் இருந்தது, தங்கைக்கு இப்போதும் இருக்கிறது என்றாள். தன்னுடைய கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருடமாகிறது, அதற்குப் பிறகுதான் நித்திரை என்றால் என்னவென்று தெரிந்தது என்று சொல்லிவிட்டு, டொக்டரிடம் போனாயா என்று கேட்டாள்.

போயிருந்தேன். எங்கள் குடும்ப வைத்தியர் தமிழர்தான். என் அப்பாவின் வயதிருக்கும் அவருக்கு. நாற்பதை நெருங்கும்போது இதெல்லாம் வழமை என்று சொல்லி இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்தார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே குளிசை. அவர் என் வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாப் பிழையையும் அவர்மேல் போடவும் முடியாது. எவ்வளவு போகிறது என்று அவர் கேட்டபோது, "கொஞ்சம் கூட" என்றுதான் நான் சொன்னேன். டயப்பர் போடுகிறேன் என்று அவருக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து இங்கே வந்தவள். என் கணவர் அதற்கு வெகுகாலம் முன்னரே அகதியாக வந்து, நகரத்துக்குள் பார்க்டேலில் ஓர் அறையில் நான்கு பேரோடு இருந்து, பிறகு லொறி ஓட்டப் பழகி விமான நிலையத்துக்குக் கிட்டவுள்ள ரெக்ஸ்டேலுக்கு வந்தவர். கலியாணமாகி இரண்டாம் வருடம் ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, நான்காம் மாதத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. அதைப்பற்றி நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. ஆனால் எங்கள் அப்பாட்மென்டின் சின்ன அறையில் அவர் எந்தச் சாமானையும் வைக்க விடமாட்டார். விருந்தினர் வந்தால் தேவைப்படும் என்பார். ஒன்பது வருடத்தில் ஒருவரும் அந்த அறையில் வந்து தங்கியதில்லை.

அவர் கெட்ட மனிதர் அல்ல. என் இரத்தம் பட்ட விரிப்புகளை அவரே எடுத்துத் தோய்ப்பார். சுடுதண்ணீரில் போட்டால் கறை இறுகிவிடும், பச்சைத்தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும் என்று யாரிடமோ கேட்டு வந்திருந்தார். யாரிடம் கேட்டீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு மாசி மாதம், வேலைத்தலத்தில் தட்டுகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டியது. விழித்தபோது சீமெந்துத் தரையில் கிடந்தேன். ஜமேக்காக்காரி என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அம்புலன்ஸில் ஏற்றி எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் இருக்கவேண்டிய இரத்தத்தில் பாதிதான் இருக்கிறது, இவ்வளவு நாளும் எப்படி வேலைக்குப் போனாய் என்று அங்கிருந்த இளம் டொக்டர் கேட்டார். அன்று இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். ஸ்கான் எடுத்தார்கள். ஏழு கட்டிகள். பெரியது கர்ப்பப்பையின் பின்சுவரில், அடிப்பக்கத்தில் இருந்தது. புற்றுநோய் போலத் தெரியவில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். கர்ப்பப்பை ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்திருக்கிறது என்றார் டொக்டர். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் மாதா கோயிலில், பூசை முடிந்து வெளியே வரும்போது, ஓர் அன்ரி என் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு எத்தனை மாதம் என்று கேட்டிருந்தா.

பெண்நோய் நிபுணரிடம் போவதற்கு ஏழு மாதம் காத்திருந்தேன். அதற்கிடையில் ஒரு கிளினிக்கில், இரத்தம் போகும் நாட்களில் மட்டும் போடும் குளிசை தந்தார்கள். அது பெருக்கைக் கொஞ்சம் குறைத்தது, நாட்களைக் குறைக்கவில்லை. ஹோர்மோன் சுரக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைத்துப் பார்க்கலாம், ஆனால் கட்டிகளால் உள்ளே இடம் கோணலாகிவிட்டது, நிற்குமோ தெரியாது என்றார்கள். அது உள்ளே இருக்கும்வரை பிள்ளை தங்காது என்பதால் என் கணவர் தயங்கினார். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார். மூன்றாம் கிழமை, வேலைத்தலத்துக் கழிப்பறையில், கட்டி கட்டியாக விழுந்த இரத்தத்தோடு அந்தக் கருவியும் வந்து விழுந்தது. அதை ஒரு கடதாசித் துவாயில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினேன்.

நிபுணர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவசரப்படாமல் பேசினார். ஒரு தாளில் கர்ப்பப்பையைப் படமாக வரைந்து, அதில் ஏழு வட்டங்களைப் போட்டு, ஒவ்வொரு வழியாகச் சொன்னார். என் கணவர் பக்கத்தில் இருந்து தமிழில் எனக்குச் சொன்னார்.

மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, கட்டிகளுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களை அடைத்துவிடலாம். வயிற்றை வெட்டத் தேவையில்லை, கட்டிகள் மெல்ல மெல்லச் சுருங்கும். ஆனால் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குத் தான் அதைப் பரிந்துரைப்பதில்லை என்றார். இரண்டாவது, வயிற்றைத் திறந்து கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்து வைப்பது. என் கட்டிகள் இருக்கும் இடத்தைப் பார்த்தால் இரத்தம் அதிகம் போகலாம். சில வருடங்களில் புதுக் கட்டிகளும் வரலாம். என் வயதில் அதற்குப் பிறகு பிள்ளை தங்கும் என்று உறுதி சொல்லவும் முடியாது. அதற்குப் பிறகு அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சற்று நேரம் பேசினார். கர்ப்பப்பையை முழுவதுமாக எடுத்துவிடுவது பற்றி. முட்டை உருவாகும் சூலகங்களை விட்டுவிடலாம், இரத்தப்போக்கு அன்றோடு நிற்கும், திரும்ப வராது.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "குழாய் விட்டு அடைக்கிறது எங்களுக்குச் சரிவராதாம். வெட்டிக் கட்டியை மட்டும் எடுக்கலாமாம். அதையே செய்வம்" என்றார்.

மூன்றாவதை அவர் சொல்லவே இல்லை. சமையற்கூட ஆங்கிலம்தான் எனக்குத் தெரியும் என்றாலும், எடுத்துவிடுவது என்ற சொல்லும் கர்ப்பப்பை என்ற சொல்லும் எனக்கு விளங்கின; மிச்சம் பிறகுதான் தெரிந்தது. விளங்கியது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. டொக்டர் என்னிடம் ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைக்க இன்னும் ஐந்து மாதம். அதற்கு முதல் மூன்று மாதமும் மாதத்துக்கு ஓர் ஊசி போட்டார்கள். கட்டிகளைச் சுருக்கவும், மாதவிடாயை நிறுத்தி இரத்தம் ஊற விடவும் அந்த ஊசி. உடம்பு தனக்கு ஐம்பது வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் என்றார்கள். அப்படித்தான் ஆனது. குளிரூட்டிய மண்டபத்தில் நின்றபோதே கழுத்திலிருந்து உச்சி வரைக்கும் நெருப்புப் பிடித்ததுபோலக் கொதித்து வேர்த்தது. மூட்டெல்லாம் நொந்தது. ஆனால் இரத்தம் நின்றது.

ஒரு மாதம் முழுக்க ஒரு துளியும் வரவில்லை. பிறகு இரண்டாம் மாதமும் வரவில்லை. என் அக்கா விட்பியில் புது வீட்டில் இருக்கிறாள். அவளுடைய வரவேற்பறையில் வெளிர்நிறச் சோபா. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் சமையலறை மரக்கதிரையில்தான் இருப்பேன். அந்த மார்கழியில் நான் அந்தச் சோபாவில் இருந்தேன். ஒரு பின்னேரம் முழுக்க எழும்பவில்லை. எழும்பிப் பார்த்தபோதும் ஒன்றும் இல்லை. அன்றுதான் எனக்குத் தெரிந்தது, எனக்கு இனி அது திரும்ப வரவே வேண்டாம் என்று.

பிள்ளை பற்றி அன்று நான் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். நான் நினைத்ததெல்லாம் அந்தச் சோபாவைப் பற்றி, பஸ்ஸில் தயங்காமல் இருக்கக்கூடிய ஆசனத்தைப் பற்றி, வேலைக்கு ஒரு பையை மட்டும் கொண்டுபோவதைப் பற்றி.

அக்காவிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் என்ன என்று. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். எனக்காக மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அதையும் எடுத்துப்போட்டா, பிறகு என்னடி மிச்சம்? அந்த மனிசனை நினைச்சுப் பார்" என்றாள்.

அதன் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பத்து நாள் முன்னர் கையெழுத்து வைப்பதற்காக மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். அன்று விடியவே கடும் பனி கொட்டியது. என் கணவரின் லொறி ஹமில்டனுக்கு அப்பால் பெருஞ்சாலையில் சிக்கிக்கொண்டது. வேறு நாள் எடுத்தால் சத்திரசிகிச்சையும் தள்ளிப்போகும் என்பதால் நான் இரண்டு பஸ் மாறித் தனியாகப் போனேன். கணவர் வரமுடியவில்லை என்று சொன்னதும், டொக்டர் மேசையில் இருந்த போனில் ஓர் இலக்கத்தை அழுத்தி, தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். குரல் இந்தியத் தமிழ்ப் பெண்ணுடையது. எந்த ஊரில் எந்த அறையில் இருந்து பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது.

டொக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். இந்த முறை ஒன்றும் விடுபடாமல் தமிழில் என்னிடம் வந்தது. பெரிய கட்டியை எடுக்கும்போது இரத்தம் கட்டுப்படாமல் போனால், என் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வரலாம், அதற்கு எனக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையெழுத்து வைத்துவிட்டு எழும்பியிருக்கலாம். அந்தக் குரலில் ஏதோ இருந்தது, அல்லது அந்த அறையில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

"நெடுநேரம் முயற்சி செய்ய வேண்டாம்" என்றேன். "கஷ்டமா இருந்தா எடுத்துவிடுங்கோ. எனக்குத் திரும்பவும் அந்த இரத்தம் வேண்டாம்."

அந்தப் பெண், "அம்மா, நீங்க சொன்னதை அப்படியே சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"ஓம், அப்படியே சொல்லுங்கோ."

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். டொக்டர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். அப்படியானால் முதலிலேயே கர்ப்பப்பையை எடுப்பதாகவே எழுதிக்கொள்ளலாம், இது உன் உடம்பு, முடிவு உன்னுடையது மட்டும்தான், இன்றைக்கே மாற்றலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். கட்டியை எடுப்பது என்றே இருக்கட்டும் என்றேன். நான் சொன்னதைக் கணவரிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். இங்கே பேசுவது என் அனுமதி இல்லாமல் யாருக்கும் போகாது என்றார் அவர். ஆனால் அவருடைய முகத்தில் திருப்தி இல்லை. எதையோ குறித்துக்கொண்டார்.

நான் என்ன செய்தேன் என்பது எனக்கு அந்த நேரத்திலேயே தெரியும். எனக்கு வேண்டியதை நானே எடுத்துக்கொள்ளத் துணிவில்லாமல், அதை இன்னொருத்தியின் கையால் செய்விக்கப் பார்த்தேன். நடந்தால் அது விபத்து. வீட்டில் நான் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

சத்திரசிகிச்சை காலை எட்டு மணிக்கு. என் கணவர் என் மோதிரத்தையும் சங்கிலியையும் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு என்னை உள்ளே அனுப்பினார். நான் விழித்தபோது தொண்டை வறண்டு, அடிவயிறு முழுக்க ஒரே பாரமாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

பின்னேரம் டொக்டர் வந்து விளக்கினார். ஐந்து கட்டிகளை எடுத்தாராம். பின்சுவரில் இருந்த பெரிய கட்டியை விடுவிக்கத் தொடங்கியதும் இரத்தம் பாய்ந்ததாம். இரத்தக்குழாயை இறுக்கிக் கட்டியும் தையல் போட்டும் பார்த்தாராம். நிற்கவில்லை. மூன்று பை இரத்தம் ஏற்றிய பிறகு, எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று முடிவெடுத்தாராம். சூலகங்கள் இரண்டும் இருக்கின்றன. அவர் இதைச் சொல்லும்போது என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வார்ட்டுக்கு மேல்மாடியில் பிரசவ வார்ட். அந்த மருத்துவமனையில் ஒரு பிள்ளை பிறந்தால் ஒலிபெருக்கியில் சில வினாடிகளுக்குத் தாலாட்டு இசை ஒன்று போடுவார்கள். முதல் நாள் அது இரண்டு முறை கேட்டது. இரண்டாம் நாள் காலை மறுபடி கேட்டபோது, அது என்ன இசை என்று என் கணவர் தாதியிடம் விசாரித்தார். அவள் சிரித்த முகத்தோடு சொன்னாள். அவர் நன்றி சொன்னார். பிறகு யன்னல் பக்கம் போய் நின்றார். நான்கு நாளில் அந்த இசை பதினொரு முறை ஒலித்தது. ஒவ்வொரு முறையும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

எனக்கு நிம்மதி வந்ததா என்று கேட்டால், வந்தது. துக்கமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து முதல் நாள் குளிக்கும்போது, தொப்புளுக்குக் கீழே நீளமாக ஓடிய தையலைப் பார்த்துக்கொண்டு நின்று, நான்காம் மாதத்தில் போன அந்தப் பிள்ளைக்காக அழுதேன். அது போனபோது நான் அழவில்லை. வேலைக்குப் போக இருந்தது.

என் கணவரின் துக்கம் மெல்ல மெல்லக் கோபமாக மாறியது. அவர் காத்திருந்த அறையில் வேறொரு மனிதரும் இருந்தாராம். அவருடைய மனைவிக்கும் இதே சத்திரசிகிச்சை, மூன்றரை மணித்தியாலம் எடுத்ததாம், கர்ப்பப்பை தப்பிவிட்டதாம். எனக்கு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான் ஆகியிருந்தபோது டொக்டர் வெளியே வந்து, எடுக்கவேண்டி வந்துவிட்டது என்று சொன்னாராம். ஏன் இவ்வளவு கெதியில் கைவிட்டார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது கேட்டார், கார் ஓட்டும்போது கேட்டார். நாங்கள் வெள்ளைக்காரராக இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பார்களா என்று கேட்டார். அக்காவும் அத்தானும் அதற்குத் தூபம் போட்டார்கள். அத்தானுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். டொக்டர்மாரைப்பற்றி முறைப்பாடு செய்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதற்குரிய படிவத்தைத் தானே நிரப்பித் தருகிறேன் என்றார். சத்திரசிகிச்சை அறிக்கையை எடுத்து வரச்சொன்னார்.

நான் தடுக்கவில்லை. விடுங்கோ, நடந்தது நடந்துபோச்சு என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். அதை அவர் என் நல்ல மனம் என்று எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனைக்கு என் கையெழுத்தோடு விண்ணப்பம் போய், ஆறு கிழமையில் ஒரு தடித்த உறை வந்தது. அவர் அதை உடைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை விட்பிக்குக் கொண்டுபோய் அத்தானிடம் கொடுப்போம் என்று மேசையில் வைத்தார். அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனபின் நான் உறையைத் திறந்தேன். போனில் மொழிபெயர்ப்பைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு நோயாளி கூறியவை என்ற தலைப்பின்கீழ், என் வசனம் இருந்தது. கர்ப்பப்பையைக் காப்பாற்ற நெடுநேரம் முயல்வதை நோயாளி விரும்பவில்லை. இதைக் கணவரிடம் தெரிவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உருவியும் எடுத்தேன். சமையலறையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த டொக்டர் என்னிடம் உண்மையாக நடந்துகொண்ட ஒருத்தி. இந்தப் பக்கம் இல்லாமல் போனால், ஒரு பெண்ணின் உடம்பை அவசரப்பட்டு வெட்டியவள் என்ற பெயர் அவருக்கு வரும். நான் பக்கத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை என் கணவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பனி கொட்டிய நாளைப் பற்றி, போனில் வந்த குரலைப் பற்றி, நான் சொன்ன வசனத்தைச் சொன்ன மாதிரியே. ஒன்பதாம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை வாசிக்க முயலவில்லை. "ஏன் எனக்கு முன்னால சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?"

யோசித்தார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது. வாயில் வந்ததைச் சொல்லமாட்டார்.

"விட்டிருக்க மாட்டன்" என்றார்.

எழும்பிக் கோப்பையைக் கழுவி வைத்தார். அன்று பின்னேரம் ஒரு பையில் உடுப்பு எடுத்துக்கொண்டு, லொறிக் கம்பனியில் தூரப் பயணம் கேட்டு வாங்கி, இரண்டு நாள் ஓட்டமுள்ள வினிபெக் பக்கம் போய்விட்டார். ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் காலையில் போன் எடுத்து, குளிசை போட்டீரா, பாரம் ஒன்றும் தூக்கவில்லையே என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். அக்காவுக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. படிவத்தைப் பற்றி அவர்கள் பிறகு வாயெடுக்கவில்லை.

திரும்பி வந்தபின் அவர் அந்த டொக்டரைப் பார்க்கவேண்டும் என்றார். எனக்கு எப்படியும் கடைசிச் சோதனை ஒன்று இருந்தது. கூட வந்தார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் கதிரை நுனியில் இருந்துகொண்டு, என் மனைவி எனக்கு எல்லாம் சொல்லிவிட்டா என்று முதலில் சொன்னார். டொக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். பிறகு என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். என் மனைவி அந்த வசனத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால், காப்பாற்றியிருக்க முடியுமா?

அந்த இரத்தப்போக்கில் யாராக இருந்தாலும் தான் அதே நேரத்தில் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன் என்று நினைப்பதாக டொக்டர் சொன்னார். ஆனால் நினைப்பதாகத்தான் சொல்லமுடியும், அதை நிரூபித்துக் காட்ட வழியில்லை என்றார். அந்த இரண்டாவது வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

கார் தரிப்பிடத்தில் என் கணவர் என்ஜினைப் போடவில்லை. கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். கர்ப்பப்பை போனதில் உம்மோடு எனக்குக் கோபம் இல்லை என்றார். பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தப் போனில கதைச்ச மனிசிக்கு முதல் தெரிஞ்சிருக்கு. எனக்குக் கடைசியிலதான் தெரிஞ்சது."

பிறகு சாவியைத் திருப்பி என்ஜினைப் போட்டார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம். என் இரத்தம் இப்போது சரியான அளவில் இருக்கிறது. வேலையில் என்னை வரிசை மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் சேர்ந்துதான் இருக்கிறோம், சேர்ந்துதான் கோயிலுக்குப் போகிறோம், ஆனால் இடையில் ஒரு கவனம் வந்துவிட்டது. நான் ஏதாவது வேண்டாம் என்றால் அவர் உடனே ஒத்துக்கொள்கிறார். முந்தி அப்படி இல்லை, கொஞ்சம் வாதாடுவார். அந்த வாதாட்டம் இல்லாதது வீட்டில் ஒரு வெறுமையாகத் தெரிகிறது. போன கிழமை குடும்ப வைத்தியரிடம் என் கணவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது, நான் வெளியே இருக்கிறேன் என்றேன். அவர் கதவடியில் நின்று திரும்பி, உள்ளே வாரும், டொக்டர் சொல்வதை நீரும் கேளும் என்றார். நான் எழும்பிப் போனேன்.